தட்டில் சாகும் புற்றுநோய் செல் உடலுக்குள் ஏன் பிழைக்கிறது?

"ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களை அடியோடு அழித்தது புதிய மருந்து" என்கிற மாதிரிச் செய்திகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. சில நேரம் அது ஒரு மருந்து நிறுவனத்தின் புது மூலக்கூறாக இருக்கும், சில நேரம் ஏதோ ஒரு மூலிகைச் சாறாக இருக்கும். பெரும்பாலும் செய்தி பொய்யில்லை. ஆய்வகத்தில் செல்கள் உண்மையாகவே செத்திருக்கும். அப்புறம் அந்த மருந்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. வீட்டில் ஒரு புற்றுநோயாளியை வைத்துக்கொண்டு இதைப் படிப்பவருக்கு, "கண்டுபிடித்த மருந்தை ஏன் இன்னும் தராமல் இருக்கிறார்கள்?" என்ற ஆற்றாமை வருவது இயல்பு.

இன்னொரு குழப்பமும் உண்டு. முதல் சில சுற்றுக் கீமோவில் கட்டி சுருங்குகிறது, ஸ்கேன் பார்த்து வீடே மூச்சுவிடுகிறது. சில மாதம் கழித்து அதே மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டி மறுபடி வளர்கிறது. "உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று சொல்லிக்கொள்கிறோம். பழகியது உடம்பல்ல, கட்டி. ஆனால் கட்டியில் எது பழகியது?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடையின் ஒரு பெரிய பகுதி புற்றுநோய் செல்லுக்கு வெளியே, அதைச் சுற்றியிருக்கும் இடத்தில் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் இதைக் கட்டியின் நுண்சூழல் என்கிறார்கள்.

மருந்து எதிர்ப்பு: முதலில் அடிப்படை

ஒரு மருந்து கொடுத்தும் கட்டி சுருங்காமல் இருப்பது, அல்லது சுருங்கிவிட்டு மறுபடி வளர்வது, இரண்டும் மருந்து எதிர்ப்புதான். முதல் வகை தொடக்கத்திலிருந்தே இருப்பது. இரண்டாவது சிகிச்சையின் போக்கில் வருவது.

இதற்குப் பல காலமாகச் சொல்லப்பட்ட விளக்கம் செல்லுக்குள்ளேயே நின்றது. செல்லின் மரபணு மாறுகிறது, மருந்து ஒட்டவேண்டிய புரதத்தின் வடிவம் மாறுகிறது. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைக்கும் பி-கிளைக்கோபுரோட்டீன் போன்ற புரதங்கள் பெருகுகின்றன. மருந்து உடைத்த டிஎன்ஏவைச் செல் பழுதுபார்த்துக்கொள்கிறது. இவை எல்லாம் உண்மை, இன்றும் உண்மை. ஆனால் இவை மட்டும் போதாது என்பதை 1990இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு சோதனை காட்டிவிட்டது.

பெவர்லி டைச்சரும் அவருடைய குழுவினரும் மார்பகக் கட்டி உள்ள எலிகளுக்கு சிஸ்பிளாட்டின், சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்துகளைக் கொடுத்தார்கள். தப்பிப் பிழைத்த கட்டியை எடுத்து வேறு எலிக்கு மாற்றினார்கள், மறுபடி மருந்து கொடுத்தார்கள். இப்படி மாதக்கணக்கில் செய்தபோது, எவ்வளவு மருந்து கொடுத்தாலும் மசியாத கட்டிகள் கிடைத்தன. அந்தக் கட்டியிலிருந்து செல்களைப் பிரித்து ஆய்வகத் தட்டில் வளர்த்து அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரணப் புற்றுநோய் செல்களைப் போலவே அவையும் செத்தன. எலியின் உடலுக்குள் அசையாமல் நின்ற எதிர்ப்பு, தட்டில் காணாமல் போயிருந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து ராபர்ட் கெர்பெலின் குழுவும் டைச்சரும் சேர்ந்து அதே செல்களைத் தட்டில் பரப்பாமல், ஒன்றோடொன்று ஒட்டிய சிறு உருண்டைகளாக வளர்த்தார்கள். எதிர்ப்பு திரும்பி வந்துவிட்டது. ஆக, செல் தனியாக இருக்கும்போது இல்லாத ஒரு திறன், கூட்டமாக இருக்கும்போது அதற்குக் கிடைக்கிறது.

ஆய்வகத் தட்டில் புற்றுநோய் செல்கள் ஒற்றை அடுக்காகப் பரந்து கிடக்கின்றன. மேலே மருந்தை ஊற்றினால் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரே அளவு போய்ச் சேர்கிறது. ஆக்சிஜன் தாராளம், உணவு தாராளம், துணைக்கு வேறு வகைச் செல் எதுவும் கிடையாது. மனித உடலில் எந்தக் கட்டிக்கும் இப்படி ஒரு நிலைமை வாய்ப்பதில்லை. தட்டுச் சோதனையின் வெற்றியை மட்டும் வைத்து ஒரு மருந்தை நம்பிவிட முடியாது என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

கட்டிக்குள் என்னென்ன இருக்கிறது

கட்டி என்றால் முழுக்கப் புற்றுநோய் செல்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை. அதற்குள் ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. காயம் ஆறும்போது தழும்பை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் இருக்கின்றன. அவை சுரக்கும் கொலாஜன் நார்களும், நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஹயலுரோனிக் அமிலமும் இருக்கின்றன. மேக்ரோஃபேஜ், டி செல் போன்ற நோய் எதிர்ப்புச் செல்கள், கொழுப்புச் செல்கள், நரம்பு இழைகள், சில கட்டிகளில் பாக்டீரியாக்கள்கூட உண்டு. கணையப் புற்றில் கட்டியின் பருமனில் 80 விழுக்காடு வரை புற்றுநோய் செல் அல்லாத பொருளாகவே இருக்கலாம்.

இந்தச் சிந்தனை புதிதல்ல. 1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து, நோய் கண்டபடி பரவவில்லை, சில உறுப்புகளைத் தேடிப் போகிறது என்று கண்டார். விதை எங்கும் சிதறலாம், ஏற்ற நிலத்தில் விழுந்தால்தான் முளைக்கும் என்று எழுதினார். 1986இல் ஹரால்டு டிவோராக், கட்டி என்பது ஆறாத புண் என்றார். புண் ஆறுவதற்காக உடல் அனுப்பும் செல்கள் கட்டிக்குள்ளும் வருகின்றன. புண்ணில் வேலை முடிந்ததும் போய்விடுபவை, கட்டியில் தங்கிவிடுகின்றன.

சூழல் மருந்தைத் தோற்கடிக்கும் வழிகள்

1. மருந்து போய்ச் சேருவதில்லை. கட்டியின் ரத்தக்குழாய்கள் அவசரத்தில் உருவானவை. கோணல்மாணலாக, ஓட்டையும் ஒழுக்குமாக இருக்கும். ஒழுகிய நீர் வடிய வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறுகிறது, அந்த அழுத்தம் மருந்து வெளியே வந்து பரவுவதைத் தடுக்கிறது. டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தை எலிக் கட்டிகளில் அளந்து பார்த்தபோது, ரத்தக்குழாயிலிருந்து 0.04 முதல் 0.05 மில்லிமீட்டர் தள்ளிப் போவதற்குள் அதன் அளவு பாதியாகிவிட்டது. சில செல்களின் தொலைவுதான் அது. அதற்கும் அப்பால் இருக்கும் செல்லுக்குக் கிடைப்பது கொஞ்ச நஞ்சம்தான். கொல்லப் போதாத அந்த அளவு, தாக்குப்பிடிக்கும் செல்களைப் பொறுக்கியெடுத்து வளர்க்கும் ஆபத்தும் உண்டு.

2. ஆக்சிஜன் பற்றாக்குறை. ஆக்சிஜன் ரத்தக்குழாயிலிருந்து 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைதான் எட்டும். அந்த எல்லையில் இருக்கும் செல்கள் சாகாமல், பிரிவதை மட்டும் நிறுத்திக்கொண்டு கிடக்கின்றன. கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை பிரியும் செல்களைத்தான் குறிவைக்கின்றன. எனவே சும்மா கிடக்கும் செல் தப்பிவிடுகிறது. கதிர்வீச்சுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்லச் சுமார் மூன்று மடங்கு கதிர்வீச்சு தேவைப்படலாம். ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து ஹிஃப் என்ற புரதம் விழித்துக்கொள்வதையும், அது நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்குவதையும் கண்டறிந்த கெய்லின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

3. அமிலத்தன்மை. கட்டி சர்க்கரையை எரிக்கும் விதத்தால் லாக்டிக் அமிலம் சேர்கிறது. டாக்சோரூபிசின் காரத் தன்மை கொண்ட மருந்து. அமிலச் சூழலில் அது மின்னூட்டம் பெற்று, செல்லின் சவ்வைத் தாண்ட முடியாமல் வெளியே மாட்டிக்கொள்கிறது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "புற்றுநோய்க்குக் காரணம் உடலின் அமிலம், எலுமிச்சையும் சோடா உப்பும் குடித்தால் சரியாகும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது இந்த உண்மையைத் தலைகீழாகப் பிடித்த செய்தி. அமிலம் கட்டிக்குள் உருவாவது, கட்டியே உருவாக்குவது. ரத்தத்தின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 7.35க்கும் 7.45க்கும் இடையில் இருக்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் காத்துவருகின்றன, உணவால் அதை மாற்ற முடியாது. சோடா உப்பை அள்ளிக் குடித்தால் ரத்தத்தின் உப்புச் சமநிலைதான் கெடும்.

4. அக்கம்பக்கத்துச் செல்களின் உதவி. 2012இல் நேச்சர் இதழில் வந்த ஒரு ஆய்வில் 45 வகைப் புற்றுநோய் செல்களை 23 வகை அண்டைச் செல்களோடு சேர்த்து வளர்த்து, 35 மருந்துகளைச் சோதித்தார்கள். அண்டைச் செல் பக்கத்தில் இருந்தாலே பல மருந்துகள் பலிக்காமல் போயின. குறிப்பாக, ஒரே ஒரு புரதத்தைக் குறிவைக்கும் நவீன மருந்துகள். மெலனோமா என்ற தோல் புற்றில் என்ன நடந்தது என்றால், மருந்து பிராஃப் என்ற புரதத்தை அடைத்து வளர்ச்சிக் கட்டளையை நிறுத்தியது. ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் எச்ஜிஎஃப் என்ற வேறொரு புரதத்தைச் சுரந்தன. அது மெட் என்ற வேறொரு வாயில் வழியாக அதே கட்டளையை மறுபடி கொடுத்தது. புற்றுநோய் செல்லில் புதிதாக எந்த மரபணு மாற்றமும் நடக்கவில்லை.

ரத்தப் புற்றிலும் இதுவே. குழந்தைகளுக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவில் ஆஸ்பாரஜினேஸ் முக்கியமான மருந்து. அந்த லுகேமியா செல்களால் ஆஸ்பாரஜின் என்ற அமினோ அமிலத்தைப் போதிய அளவு தயாரிக்க முடியாது, ரத்தத்தில் இருந்துதான் எடுத்தாக வேண்டும். மருந்து ரத்தத்திலிருக்கும் ஆஸ்பாரஜினை உடைத்துவிடுகிறது, செல் பட்டினியால் சாகிறது. ஆனால் எலும்பு மஜ்ஜையிலிருக்கும் சில துணைச் செல்கள் ஆஸ்பாரஜினைத் தாங்களே தயாரித்து லுகேமியா செல்லுக்குக் கொடுப்பதை 2007இல் கண்டார்கள்.

5. மருந்தையே சிதைக்கும் பாக்டீரியா. இது தற்செயலாகக் கிடைத்த கண்டுபிடிப்பு. ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்த்த திரவத்தைச் சேர்த்தால் ஜெம்சிடபைன் என்ற கீமோ மருந்து வேலை செய்யாமல் போவதை ரவீத் ஸ்ட்ராஸ்மனின் குழு கவனித்தது. காரணம் ஃபைப்ரோபிளாஸ்ட் என்றுதான் தோன்றும். தேடிப் பார்த்ததில், அந்தத் திரவத்தில் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா கலந்திருந்தது. அதுதான் மருந்தைச் சிதைத்தது. சரி, மனிதக் கட்டியிலும் இப்படி உண்டா என்று பார்த்தார்கள். 113 கணையப் புற்று மாதிரிகளில் 86இல் பாக்டீரியாவின் தடயம் இருந்தது. அவற்றில் பலவும் ஜெம்சிடபைனைச் சிதைக்கும் நொதியைக் கொண்ட வகை. 2017இல் இது வெளியானது. ஆனால் கட்டியில் பாக்டீரியா என்பது எச்சரிக்கையோடு கையாள வேண்டிய துறை. மாதிரியில் வெளியிலிருந்து கலப்படம் சேர்வது மிக எளிது. பல வகைப் புற்றுகளை நுண்ணுயிர் அடையாளத்தால் கண்டுபிடிக்கலாம் என்று 2020இல் நேச்சரில் வந்த பெரிய கட்டுரை 2024இல் திரும்பப் பெறப்பட்டது.

6. நோய் எதிர்ப்புச் செல்களை வெளியே நிறுத்துவது. பிடி-1 என்ற புரதத்தை அடைத்து டி செல்களின் கட்டை அவிழ்த்துவிடும் மருந்துகள் சில புற்றுகளில் சிகிச்சையையே மாற்றிவிட்டன. 2018 நோபல் பரிசும் இந்தத் துறைக்குத்தான். ஆனால் அவிழ்த்துவிட்ட டி செல் கட்டிக்குள் நுழைய வேண்டுமே. டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் மிகுந்த கட்டிகளில் டி செல்கள் நார்த் திசுவிலேயே சிக்கி நிற்கின்றன. புற்றுநோய் செல்லைத் தொடவே முடிவதில்லை.

கணையப் புற்று: தடுப்பை உடைக்கப் போய் நடந்தது

இவ்வளவு தெரிந்தபின், "அப்படியானால் சூழலை அழித்துவிட்டால் போதுமே" என்று யாருக்கும் தோன்றும். ஆராய்ச்சியாளர்களுக்கும் தோன்றியது. அதன் கதை முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. ஏனென்றால் இந்தத் துறை கற்ற மிக முக்கியமான பாடமும், அதற்கு நோயாளிகள் கொடுத்த விலையும் அதில்தான் இருக்கின்றன.

கணையப் புற்றுக்கு ஜெம்சிடபைன் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1997இல் வெளியான சோதனை முடிவில், பழைய மருந்தில் சராசரி ஆயுள் 4.41 மாதமாகவும் ஜெம்சிடபைனில் 5.65 மாதமாகவும் இருந்தது. ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் கூடியது. தட்டில் நன்றாக வேலை செய்யும் மருந்து உடலில் ஏன் இப்படித் தடுமாறுகிறது என்ற கேள்விக்கு, கட்டியைச் சுற்றிய அடர்ந்த நார்த் திசுதான் காரணம் என்ற விடை மிகப் பொருத்தமாகத் தெரிந்தது.

2009இல் டேவிட் டூவ்சனின் குழு, மனிதக் கணையப் புற்றை ஒத்த நோய் வரும் எலிகளில் இதைச் சோதித்தது. நார்த் திசு உருவாகக் கட்டளையிடும் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞையை ஐபிஐ-926 என்ற மருந்தால் நிறுத்தினார்கள். நார் குறைந்தது, ரத்தக்குழாய் பெருகியது, கட்டிக்குள் ஜெம்சிடபைன் கூடுதலாகச் சேர்ந்தது. எலிகளின் சராசரி ஆயுள் 11 நாளிலிருந்து 25 நாளாக உயர்ந்தது. பெரும் நம்பிக்கையோடு மனிதச் சோதனை தொடங்கியது.

2012 ஜனவரியில் அந்தச் சோதனையை நிறுத்த வேண்டி வந்தது. இரண்டு மருந்தும் சேர்த்து வாங்கியவர்கள், ஜெம்சிடபைன் மட்டும் வாங்கியவர்களைவிடச் சீக்கிரம் இறந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த முயற்சி ஹயலுரோனிக் அமிலத்தின் மேல். அதைக் கரைக்கும் பெக்பிஎச்20 என்ற நொதியை, இந்த அமிலம் மிகுதியாக உள்ள கட்டி கொண்டவர்களுக்கு மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். 494 பேர் பங்கேற்ற மூன்றாம் கட்டச் சோதனையில் சராசரி ஆயுள் நொதி பெற்றவர்களுக்கு 11.2 மாதம், பெறாதவர்களுக்கு 11.5 மாதம். பயன் இல்லை. இதே நொதியை ஃபால்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டு மருந்தோடு கொடுத்த இன்னொரு சோதனையில் ஆயுள் 14.4 மாதத்திலிருந்து 7.7 மாதமாகக் குறைந்தது. கீமோவின் பக்கவிளைவுகள் கூடியதும், அதனால் மருந்தைக் குறைத்தே தர முடிந்ததும் அதற்குக் காரணமாகப் பேசப்பட்டன.

ஏன் இப்படி? 2014இல் கேன்சர் செல் இதழில் வந்த இரண்டு எலி ஆய்வுகள் பதில் சொல்லின. ஒன்றில் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையை மரபணு வழியாகவே நீக்கினார்கள், மற்றொன்றில் நார் உருவாக்கும் செல்களையே அழித்தார்கள். இரண்டிலும் கட்டி இன்னும் மூர்க்கமானது, எலிகள் சீக்கிரம் இறந்தன. அந்த நார்த் திசு மருந்தைத் தடுத்தது உண்மைதான். அதே திசு, கட்டியையும் ஓரளவு கட்டுக்குள் வைத்திருந்தது. 2017இல் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் ஒரே வகை இல்லை என்பதும் தெளிவானது. புற்றுநோய் செல்லை ஒட்டி நின்று நாரை உருவாக்குபவை ஒரு வகை, தள்ளி நின்று அழற்சிப் புரதங்களைச் சுரப்பவை இன்னொரு வகை. அவை ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறவும் முடியும். எல்லாவற்றையும் ஒரே மருந்தால் ஒழிக்கப் போனது எங்கே தவறியது என்று இப்போது புரிகிறது.

எலியில் கிடைத்த நாள்கணக்கை மனிதரின் மாதக்கணக்காக யாரும் மாற்றிப் பேசக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேலே சொன்ன சோதனைகளில் பங்கேற்றவர்கள் ஒவ்வொருவரும் வேறு வழி குறைவான நோயோடு வந்தவர்கள்.

திருத்தினால் பலன் உண்டு

அழிக்காமல் திருத்துவது என்ற வழியில் உறுதியான வெற்றி கல்லீரல் புற்றில் கிடைத்தது. விஇஜிஎஃப் என்ற புரதம்தான் கட்டியின் கோணல் ரத்தக்குழாய்களுக்குக் காரணம். டி செல்கள் கட்டிக்குள் வருவதையும் அது தடுக்கிறது. அதை அடைக்கும் பெவசிசுமாப் மருந்து முதலில் ரத்தக்குழாயை அழித்துக் கட்டியைப் பட்டினி போடுவதற்காக உருவானது. ஆராய்ச்சியாளர் ராகேஷ் ஜெயின் 2001இல் வேறு கோணத்தில் பார்த்தார்: அளவாகக் கொடுத்தால் குழாய்கள் அழியாமல் சீராகும், மருந்தும் ஆக்சிஜனும் உள்ளே போகும் என்றார்.

2020இல் வெளியான சோதனையில், முற்றிய கல்லீரல் புற்று உள்ளவர்களுக்கு பெவசிசுமாபையும் டி செல்களை அவிழ்த்துவிடும் அடெசோலிசுமாபையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 67.2 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். அதுவரை வழக்கத்திலிருந்த சோராஃபெனிப் பெற்றவர்களில் 54.6 விழுக்காட்டினர். அந்த ஆண்டே இது அனுமதி பெற்றது.

கணையப் புற்றில் லோசார்ட்டன் என்ற சாதாரண ரத்த அழுத்த மாத்திரை பேசப்பட்டது. நார் உருவாவதை அது மட்டுப்படுத்துகிறது. பாஸ்டனில் 49 பேருக்குக் கீமோ, கதிர்வீச்சோடு இதையும் கொடுத்ததில், 34 பேருக்கு வெட்டிய ஓரத்தில் நோய் எஞ்சாதபடி அறுவை செய்ய முடிந்தது என்று 2019இல் வெளியானது. ஆனால் அந்தச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க மாத்திரை பெறாத குழு கிடையாது. எனவே பலன் மாத்திரையால்தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

செய்தி படிப்பவருக்கும் நோயாளி வீட்டாருக்கும்

புதிய மருந்துச் செய்தி வரும்போது முதலில் பார்க்க வேண்டியது சோதனை எதில் நடந்தது என்பதை. தட்டிலா, எலியிலா, மனிதரிலா? மனிதரில் என்றால், மருந்து பெறாத குழுவோடு ஒப்பிட்டார்களா? கட்டி சுருங்கியது என்கிறார்களா, ஆயுள் கூடியது என்கிறார்களா? இவை இரண்டும் ஒன்றல்ல.

ஒரு மருந்து பலிக்கவில்லை என்றால், நோயாளி சரியாகச் சாப்பிடாததாலோ மனம் தளர்ந்ததாலோ அப்படி ஆனது என்று வீட்டில் யாரும் குற்றம் சுமத்த வேண்டாம். மேலே சொன்ன எதுவும் நோயாளியின் கையில் இருப்பதல்ல. ஒரு மருந்து பலன் தராமல் போனபின் மருத்துவர் மறுபடி பயாப்ஸி கேட்டால், அது தேவையில்லாத செலவு என்று தள்ளிவிடாமல் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கட்டியின் மரபணுவோடு, டி செல்கள் உள்ளே வந்திருக்கின்றனவா என்பது போன்ற சூழல் விவரங்களும் அதில் கிடைக்கக்கூடும்.

இதைப் படித்துவிட்டு லோசார்ட்டனைத் தாமாக வாங்கிப் போடுவது ஆபத்து. கீமோவால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உள்ளவருக்கு அது ரத்த அழுத்தத்தை அபாயகரமாக இறக்கிவிடும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கட்டியிலிருக்கும் பாக்டீரியாவைக் கொல்லலாம் என்று ஆன்டிபயாடிக் போடுவதும் அப்படித்தான். பிடி-1 வகை மருந்து தொடங்கும் காலத்தை ஒட்டி ஆன்டிபயாடிக் எடுத்த நுரையீரல், சிறுநீரகப் புற்று நோயாளிகளுக்கு அந்தச் சிகிச்சையின் பலன் குறைந்திருந்ததை 2018இல் சயன்ஸில் வந்த ஆய்வு காட்டியது. குடலிலிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அழிவது காரணமாக இருக்கலாம். காய்ச்சலோ தொற்றோ வந்தால் ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும், கீமோவில் இருப்பவர் அதைத் தள்ளிப்போடவே கூடாது. ஆனால் அதை எழுதித் தருவது புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் அதே மருத்துவராக இருக்க வேண்டும், அல்லது எழுதித் தருபவருக்கு நோயாளி என்னென்ன மருந்தில் இருக்கிறார் என்பது முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும்.